மெத்தனால் உடலில் அடையும் மாற்றங்கள்

மெத்தனால் என்பது வண்ணப்பூச்சு, பிசின், மருந்து ஆலைகளில் கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் பயன்படும் நிறமற்ற நீர்மம். போதை தரும் எத்தனாலிலிருந்து இதை மணத்தாலோ சுவையாலோ பிரித்தறிவது கடினம். இது கலந்த சாராயத்தால் தமிழ்நாட்டில் 2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரும் இறந்தனர்.

உட்புகுதல்

குடித்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டுகிறது. ஆவியைச் சுவாசித்தாலும் தோலில் பட்டாலும் உட்புகும். ஆகவே இதைக் கையாளும் தொழிலாளர்களுக்குத் தகுந்த கையுறையும் நல்ல காற்றோட்டமும் தேவை.

வளர்சிதைமாற்றம்

கல்லீரலிலுள்ள ஆல்ககால் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி மெத்தனாலைப் பார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது விரைவில் பார்மிக் அமிலமாகிறது. பெருங்கேடு விளைவிப்பது இந்த அமிலமே. இது செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. பார்வை நரம்பைச் சிதைக்கிறது. கடும் அறிகுறிகள் தோன்ற 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று வீட்டிலேயே இருந்துவிடுவது இதனால்தான் ஆபத்தானது.

வெளியேற்றம்

சிறு பகுதி மாற்றமடையாமல் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறும். பார்மிக் அமிலம், போலிக் அமிலத்தின் துணையால் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. மனித உடலில் இது மெதுவாக நடப்பதால் அமிலம் தேங்குகிறது.

சிகிச்சை

போமெபிசோல் மருந்தோ, மருத்துவர் அளந்து செலுத்தும் எத்தனாலோ அந்த நொதியின் வேலையைத் தடுக்கும். டயாலிசிஸ் மெத்தனாலையும் பார்மிக் அமிலத்தையும் இரத்தத்திலிருந்து நீக்கும். வீட்டில் மேலும் மது கொடுப்பது சிகிச்சையாகாது. ஐயம் எழுந்தவுடன், அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.