செம்போத்தை விட்டுட்டியே!

அம்மாவுக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். வடசேரி வீட்டுக்குத் திரும்பினா பேசக்கூடத் தெம்பிருக்காது. புறவாசல்ல நாற்காலி போட்டு உட்கார வெச்சிருவேன். தனக்குத் தண்ணியை அளந்து குடிக்கிற அம்மா, குருவிக்கு மட்டும் சட்டி நிறைய ஊத்தச் சொல்வாங்க!

2015-ல இருந்து நம்மூர்ல பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது பாஸ். குறைஞ்சது 15 நிமிஷம்... பார்த்தது, கேட்டது எல்லாத்தையும் எண்ணி இ-பேர்டுல ஏத்தணும். 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்த தேரூர் குளத்துக்குப் போகத்தான் ஆசை. அம்மாவை விட்டுட்டு எப்படி? புறவாசலே போதும்னு உட்கார்ந்தேன். தவிட்டுக்குருவி 7, மைனா 4, வாழைப்பூவுல தேன்சிட்டு 2. அந்த 15 நிமிஷம் கிரியாட்டினின் ஞாபகமே வரலை.

"செம்போத்தை விட்டுட்டியே மக்களே..." கண்ணை மூடிக்கிட்டே அம்மா. காதைத் தீட்டினேன். முருங்கைக்குப் பின்னால 'ஊப்... ஊப்...'

செம்போத்து 1.