கப்பலில் வரும் காய்ச்சலும் திருத்தணி லாரி டிரைவரும்

திருத்தணியில் கடல் இல்லை. ஆனால் திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில் இரண்டு துறைமுகங்கள் இருக்கின்றன. ஒன்று, 2001-ல் எண்ணூரில் தொடங்கி 2014-ல் காமராஜர் பெயரைப் பெற்றது. இன்னொன்று, அதை ஒட்டியே இருக்கும் காட்டுப்பள்ளி. கடப்பா, ரேணிகுண்டா பக்கமிருந்து சென்னைக்குச் சரக்கு வரும் 716-ம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊரைத் தொட்டுத்தான் போகிறது. சித்தூரிலிருந்து தச்சூருக்குப் போடப்படும் ஆறுவழிச் சாலையும் பள்ளிப்பட்டு வட்டத்தைக் கடந்து துறைமுகத்தை நோக்கியே போகிறது. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், கிளீனர்கள், கான்ட்ராக்டில் லோடு ஏற்றி இறக்கப் போகிறவர்கள் என்று இந்தச் சாலையோரக் கிராமங்களின் பல வீடுகளுக்குத் துறைமுகம்தான் சோறு போடுகிறது.

அதனால், அடுத்த கொள்ளைநோய் வந்தால் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் என்ன பயிற்சி இருக்கிறது என்பது மலையடிவாரத்தில் இருக்கும் நாமும் கேட்க வேண்டிய கேள்வி. என் கருத்து இதுதான்: நிரந்தர ஊழியர்களோடு நின்றுவிடும் பயிற்சி பாதிப் பயிற்சி. லாரி டிரைவருக்கும் மேஸ்திரி கூட்டிப்போகும் ஆளுக்கும் அது எட்டாவிட்டால், நோய் கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிடும்.

இது வெறும் பயமில்லை. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியதைத் தொடர்ந்துதான் 1897-ம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. 1918 ஜூனில் பம்பாயில் இன்ஃபுளூயன்சாவுக்கு முதலில் படுத்தவர்களில் கப்பல்துறையில் காவல் பணியிலிருந்த சிப்பாயும் உண்டு. அங்கிருந்து ரயிலேறிய நோய் இந்தியா முழுக்கப் போனது. நம் காலத்துக்கு வந்தால் சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தை. 2020 மே 5-ம் தேதி அந்தச் சந்தையை மூடியபோது காலம் கடந்திருந்தது. மூட்டை தூக்கியவர்களும் லாரிக்காரர்களும் ஊர் திரும்பிவிட்டார்கள். கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களில் கொரோனா தொற்று எண்ணிக்கை ஒரே வாரத்தில் எகிறியது. சந்தை நம் மாவட்டத்துத் திருமழிசைக்கு மாறியது. அந்தத் தொழிலாளர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எப்படிப் பாதுகாத்துக்கொள்வது, காய்ச்சல் கண்டால் யாரிடம் சொல்வது, வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி உண்டா என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஒரு காய்கறிச் சந்தைக்கே இந்தக் கதி என்றால், ஊரடங்கிலும் அத்தியாவசியப் பணி என்று இயங்கிய துறைமுகங்களில் எவ்வளவு கவனம் வேண்டும்!

கப்பல் வரும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஓட்டை எங்கே என்பது புரியும். துறைமுகத்துக்குள் வருமுன் கேப்டன் ஒரு சுகாதார அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் ஒன்பது கேள்விகள். பயணத்தில் விபத்து தவிர வேறு காரணத்தால் யாராவது இறந்தார்களா? இப்போது கப்பலில் நோயாளி உண்டா? நோயுற்றவர்கள் வழக்கத்தைவிட அதிகமா? திருட்டுத்தனமாக ஏறிய ஆள் யாராவது கண்டுபிடிக்கப்பட்டாரா? இப்படிப் போகும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள துறைமுகச் சுகாதார அதிகாரி அதைப் பார்த்து, திருப்தியானால் ‘பிராட்டிக்’ என்ற அனுமதி தருவார். அதுவரை கப்பலில் மஞ்சள் கொடி பறக்கும். மஞ்சள் கொடி என்றாலே நோய்க் கப்பல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ‘எங்கள் கப்பலில் எல்லோரும் நலம், அனுமதி கொடுங்கள்’ என்று கேட்கும் கொடி அது. எலி, பூச்சி, குடிநீர், சமையலறை எல்லாம் பார்த்துக் கொடுக்கும் கப்பல் சுகாதாரச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். உலக நாடுகள் ஒப்புக்கொண்ட 2005-ம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிகளும் நம் 1955-ம் ஆண்டின் துறைமுகச் சுகாதார விதிகளும் இதற்கு அடிப்படை.

ஏட்டில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் அறிகுறி தெரியாத நோயாளியை எந்த அறிக்கையும் பிடிக்காது. அனுமதி கிடைத்ததும் கன்டெய்னர்களைப் பிணைத்திருக்கும் லாஷிங் கம்பிகளைக் கழற்ற ஆட்கள் கப்பலில் ஏறுகிறார்கள். சரக்கை எண்ணிக் குறிக்கும் டேலி கிளார்க், ஷிப்பிங் ஏஜென்ட், சரக்கு ஏற்றி இறக்கும் ஸ்டீவடோர் ஆட்கள் எல்லோரும் அதே ஏணியில் ஏறி இறங்குகிறார்கள். கைப்பிடி, பேனா, காகிதம், வாக்கி-டாக்கி எல்லாம் கை மாறுகின்றன. வெளியே எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் வரிசையில் நிற்கின்றன. ஒரே டீக்கடை, ஒரே தண்ணீர்ப் பானை, கழிவறைக்கு அலைச்சல். கப்பலைவிட இந்த வரிசைதான் எனக்குக் கவலை தருகிறது.

கொரோனா காலத்தில் ஐ.நா.வின் வர்த்தக அமைப்பான அங்டாட், கொள்ளைநோயைத் தாங்கும் துறைமுகங்களை உருவாக்குவது எப்படி என்று துறைமுகத்தாருக்காக ஒரு சிறப்பு இணையவழிப் பாடத்தையே நடத்தியது. ஆட்களைக் காப்பது, சரக்கு நிற்காமல் பார்ப்பது இரண்டையும் சேர்த்துச் சிந்திக்கக் கற்றுத்தந்த பாடம் அது. நிர்வாகிகளுக்கு அவசியமான பயிற்சி அதுவே. ஒரு ஷிஃப்டின் கிரேன் ஆபரேட்டர்கள் அத்தனை பேரும் தனிமைப்படுத்தப்பட்டால் மறுநாள் கிரேனை ஓட்டுவது யார்? ஒரு ஷிஃப்ட் இன்னொன்றைச் சந்திக்காமல் மாற்றுவது எப்படி? கப்பலில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தால் முதல் அரை மணி நேரத்தில் யாருக்கு யார் போன் செய்ய வேண்டும்? இவற்றை நோய் வந்தபிறகு உட்கார்ந்து பேச நேரமிருக்காது. தீயணைப்பு ஒத்திகை போல வருடத்துக்கு ஒரு தடவையாவது நடத்திப் பார்க்க வேண்டும்.

தொழிலாளிக்கான பயிற்சி வேறு மாதிரி இருக்க வேண்டும். ஏசி அறையில் படம் காட்டுவதால் பயனில்லை. வேலை நடக்கும் இடத்தில், தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும், செய்து காட்ட வேண்டும். உதாரணம், கையுறையைக் கழற்றுவது. மாட்டத் தெரிந்த பலருக்குக் கழற்றத் தெரியாது. முதல் கையுறையை மணிக்கட்டுப் பக்கம் வெளிப்புறமாகப் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி உரித்தெடுத்து, கையுறை போட்ட மற்றக் கைக்குள் சுருட்டிக்கொள்ள வேண்டும். பிறகு வெறுங்கை விரலை இரண்டாவது கையுறைக்குள் நுழைத்து, அதையும் அப்படியே உரித்தால் அழுக்கெல்லாம் உள்ளே போய்விடும். உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முகக்கவசத்தைக் கடைசியில், முன்பக்கம் தொடாமல் காதுப் பட்டியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். இதைக் கற்றுத்தர ஒரு ஷிஃப்ட் தொடக்கம் போதும்.

இனி உரிமை பற்றி. 1986-ம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இருக்கிறது. இது 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. நேரடியாக அமர்த்தினாலும் கான்ட்ராக்டர் வழியாக அமர்த்தினாலும் சரக்கு ஏற்றி இறக்கும் பணியில் இருப்பவர் கப்பல்துறைத் தொழிலாளிதான். வேலைக்கு நியமனக் கடிதம் தர வேண்டும். வேலையிடத்தில் உங்கள் உடல்நலத்துக்கு என்ன ஆபத்து என்ற தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் முதலாளியிடம் தெரிவிக்கலாம். அவர் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஏற்காவிட்டால் விஷயம் ஆய்வாளரிடம் போக வேண்டும். உலக அளவிலும், வேலையிடத்தில் கிருமி ஆபத்துக்கு எதிரான தனி உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2025 ஜூனில் நிறைவேற்றியது.

பணத்துக்கு வருவோம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர் இ.எஸ்.ஐ.யில் பதிவாகி, சந்தா உரிய நாட்களுக்குக் கட்டப்பட்டிருந்தால், நோய்க்காலத்தில் சராசரிக் கூலியில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பத்துப் பேர் வேலை செய்யும் லாரி கம்பெனிக்கும் இது பொருந்தும். கொரோனாவில் இறந்த இ.எஸ்.ஐ. தொழிலாளியின் குடும்பத்துக்கு 90 சதவீதக் கூலி மாதாமாதம் என்று அரசு அறிவித்தது. ஆனால் நோய் கண்டறிவதற்கு மூன்று மாதம் முன்பே பெயர் பதிவாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிவே செய்யாத கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவரின் குடும்பம் என்ன செய்யும்? 2020 ஏப்ரலில் மத்தியக் கப்பல் துறை அமைச்சகம் கொரோனாவில் இறக்கும் துறைமுகத் தொழிலாளியின் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் அறிவித்தது. கான்ட்ராக்ட் தொழிலாளர்களையும் சேர்த்தது அதன் சிறப்பு. ஆனால் அது மத்திய அரசின் பெரிய துறைமுகங்களுக்கான ஏற்பாடு. ஆக, ஒரே மாவட்டத்தில் காமராஜர் துறைமுகத்தில் வேலை பார்த்தவருக்கு ஒரு கணக்கு, தனியார் வசமுள்ள காட்டுப்பள்ளியில் பார்த்தவருக்கு வேறு கணக்கு. இது நியாயமில்லை. அடுத்த முறை இரண்டு துறைமுகங்களையும் ஒரே அறிவிப்பில் சேர்க்க வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும்.

உரிமை கேட்கக் காகிதம் வேண்டும். நியமனக் கடிதம், கூலிச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், கேட் பாஸ் நகல், டிரிப் ஷீட் இவற்றைச் செல்போனில் படமெடுத்து வீட்டார் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். டிரிப் ஷீட்டைத் தூக்கிப்போட வேண்டாம். எந்த நாளில் எந்த யார்டில் இருந்தீர்கள் என்பதற்குப் பெரும்பாலும் அது ஒன்றுதான் சாட்சி. பெரிய துறைமுகம் பற்றிய புகார் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கும், தனியார் துறைமுகம் பற்றியது மாநிலத் தொழிலாளர் துறைக்கும் போக வேண்டும். வக்கீல் வைக்க முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். காய்ச்சல், மூச்சுத்திணறல் என்றால் ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108. துறைமுகத்துக்குப் போய் வந்தவர் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்வதால் வேலை போகாது என்ற உறுதியைத் தர வேண்டியது முதலாளியின் கடமை.

கொள்ளைநோய்க்கு என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள், கடைசி ஒத்திகை எப்போது, கான்ட்ராக்ட் தொழிலாளர்கள், லாரி டிரைவர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று காமராஜர் துறைமுகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்து லாரி உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இந்த மனுவை இந்த மாதமே போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.