குடியிருப்போரை வைத்துக்கொண்டே பழுதுபார்த்தல்

வீட்டைக் காலிசெய்துவிட்டுப் பழுதுபார்ப்பதே எளிது என்பார் பொறியாளர். பல குடும்பங்கள் வாடகைக்கு வாழும் பழைய மாடிக் கட்டடங்களில் இவ்வழி ஏன் அடைபட்டுப்போகிறது என்பதற்கு மும்பை நகரம் தக்க சான்றாகும்.

1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பர் நிலையில் நிறுத்தியது. குடியிருப்போருக்கு இது பெரும் பாதுகாப்பு. ஆனால் நாளடைவில் அவ்வருவாய் சுண்ணாம்பு பூசவும் போதாததாயிற்று. உரிமையாளர்கள் பராமரிப்பைக் கைவிட்டனர். கட்டடங்கள் இடிந்து உயிர்ச்சேதம் நேரவே, 1969இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. மேல்வரி வசூலித்து, வாரியமே பழுதுபார்க்கும் முறை ஏற்பட்டது. இதன்கீழ் வந்த 19,642 கட்டடங்களுள் 16,502 கட்டடங்கள் 1940 செப்டம்பருக்கு முற்பட்டவை.

இவற்றுள் பலவற்றில் பாரம் தாங்குவன மரத்தூண்களும் உத்திரங்களுமே. பின்புறப் பொதுக் கழிப்பிடங்களிலிருந்து கசியும் நீர், சுவருக்குள் புதைந்த மரமுனைகளை உளுத்துப்போகச் செய்கிறது. ஆகவே முதற்பணி முட்டுக்கொடுத்தலாகும். முட்டுகள் தரைத்தளம் முதல் ஒரே நேர்கோட்டில் நிற்றல் வேண்டும்; இடையில் ஒரு தளம் விடுபட்டால் மேலுள்ள பாரம் முழுவதும் அத்தளத்தின்மீதே இறங்கும். மூன்றாம் மாடியின் உத்திரத்தை மாற்றுவதற்குத் தரைத்தளக் குடும்பத்தின் அடுப்பங்கரையிலும் முட்டு நிற்க நேரிடும். ஒரு குடும்பம் கதவைத் திறக்க மறுத்தால் அனைவரின் வேலையும் நின்றுவிடும். கழிப்பிடத்தையும் முழுவதுமாக இடிக்க இயலாது; ஒரு பாதி இயங்க, மறுபாதியைக் கட்டவேண்டும். செலவும் காலமும் கூடுவது இதனாலேயே.

அவ்வாறாயின் தற்காலிக முகாம்களுக்குச் செல்ல மக்கள் தயங்குவானேன்? அவ்வாறு சென்றவர்களுள் சிலர் பல ஆண்டுகள் கடந்தும் திரும்பவில்லை என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். 'பகடி' எனும் முன்தொகை கொடுத்துப் பெற்ற குடியிருப்புரிமையே பலருக்கு ஒரே சொத்து. இத்தயக்கத்தை அலுவலர்கள் பிடிவாதம் எனக் குறிப்பெழுதுவதுண்டு; நான் அதனைச் சரியான பொருளாதாரக் கணக்கென்றே கருதுகிறேன்.

அக்கணக்கு உயிரையே விலையாகக் கேட்பதும் உண்டு. 2017 ஆகஸ்டு 31 அன்று பேண்டி பஜாரில் இடிந்த கட்டடத்திலிருந்து சில குடும்பங்கள் முன்னரே வெளியேறியிருந்தன. எஞ்சியிருந்தோரில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வெளியேறும் நாளுக்கு முன்பே அறையின் பரப்பு, தளம், திரும்பும் தேதி, தாமதமானால் தரவேண்டிய மாத ஈடு ஆகியவற்றைப் பதிவுசெய்த ஒப்பந்தம் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் இருத்தல் வேண்டும். முட்டுகளுக்கான மதிப்பீட்டோடு இதனையும் சேர்த்தே வாரியம் தயாரிக்கலாம்.