மறுபயன்பாட்டுக் கட்டடக்கலை: ராயபுரம் முதல் எண்ணூர் வரை

மறுபயன்பாட்டுக் கட்டடக்கலை என்பது, கட்டிய நோக்கம் முடிந்துபோன ஒரு கட்டடத்தை இடிக்காமல், அதன் சுவர், தூண், கூரை ஆகியவற்றை இயன்றவரை வைத்துக்கொண்டு, வேறொரு பயனுக்கு ஏற்ப மாற்றி அமைப்பதாகும். பழைய தோற்றம் கெடாமல் பழுதுபார்ப்பது மரபுப் பாதுகாப்பு. மறுபயன்பாட்டில் அதற்கு மேல் ஒரு கேள்வி உண்டு: இனி இங்கே யார், என்ன செய்யப்போகிறார்கள்? கடந்த நாற்பது ஆண்டுகளில் உலக அளவில் பேசப்பட்ட கட்டடங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த வடசென்னைக்கு இது மிகவும் பொருந்தும் துறை. ஆனால் இங்கு இது அதிகம் பேசப்படுவதில்லை.

ராயபுரம் ரயில் நிலையம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 28 அன்று, ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்தார். பம்பாயிலும் ஹவுராவிலும் அதற்கு முன்பே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அங்கிருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. அதனால் இந்தியாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடமாக ராயபுரம் கருதப்படுகிறது. 1873-இல் சென்ட்ரல் நிலையம் வந்தபின் இதன் முக்கியத்துவம் படிப்படியாகக் குறைந்தது. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த முகப்புக் கட்டடம் 2005-இல் புதுப்பிக்கப்பட்டது.

கட்டடம் பிழைத்தது, அதற்கேற்ற பயன் வந்து சேரவில்லை. கும்மிடிப்பூண்டி தடத்துப் புறநகர் ரயில்கள் நின்று செல்கின்றன. அவற்றில் ஏறி இறங்குவோருக்கு இந்தத் தூண் வரிசை முகப்பால் ஆவது ஒன்றும் இல்லை. ராயபுரத்தை மீண்டும் ஒரு ரயில் முனையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. ஒரு நிலையத்துக்கு மிகச் சிறந்த மறுபயன் நிலையமாகவே இயங்குவதுதான் என்ற வகையில் அது நியாயமான கோரிக்கை.

அது இயலாதபோது வேறு வழியும் உண்டு. பாரிஸ் நகரின் ஓர்சே நிலையம் 1900-இல் திறக்கப்பட்டது. ரயில்கள் நீளமாகிக்கொண்டே போனதால் அதன் நடைமேடைகள் போதாமல், 1939-க்குப் பிறகு நெடுந்தொலைவு ரயில்கள் அங்கு வருவது நின்றது. இடிக்கும் பேச்சும் எழுந்தது. பிறகு இத்தாலியக் கட்டடக் கலைஞர் கே அவ்லெந்தி உள்ளமைப்பை வடிவமைக்க, 1986-இல் அது கலை அருங்காட்சியகமாயிற்று. ரயில் நின்ற நடுக்கூடத்தில் இப்போது சிற்பங்கள் நிற்கின்றன. நிலையத்தின் பெரிய கடிகாரம் அப்படியே இருக்கிறது.

ஆலை, உலை, கிடங்கு

தொழிற்கூடங்கள் மறுபயனுக்கு ஏற்றவை என்பதற்குக் காரணம் எளிமையானது. இயந்திரங்களுக்காகக் கட்டப்பட்டதால் கூரை உயரமாக இருக்கும், தூண்களுக்கு இடையே இடைவெளி அதிகம், தளம் பெரும் எடையைத் தாங்கும். லண்டன் பேங்க்சைடு மின்நிலையம் 1981-இல் மூடப்பட்டு, 2000-இல் டேட் மாடர்ன் என்ற கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. ஹெர்சாக், டி மியூரான் என்ற சுவிஸ் வடிவமைப்பாளர்கள் அங்கு செய்ததில் முக்கியமானது, சுழலி இருந்த சுமார் 150 மீட்டர் நீளக் கூடத்தை நிரப்பாமல் காலியாக விட்டது. உள்ளே வருபவர் முதலில் அந்த வெற்றிடத்தில்தான் நிற்கிறார்.

கேப் டவுன் துறைமுகத்தில் 1920-களில் கட்டிய தானியக் குதிர் ஒன்று இருந்தது. அதில் 42 கான்கிரீட் குழாய்கள். தேன்கூடுபோல நெருங்கி நிற்கும் இவற்றில் மனிதர் நடக்க இடமே இல்லை. தாமஸ் ஹெதர்விக் குழுவினர் அக்குழாய்களின் நடுப்பகுதியை ஒரு தானிய மணியின் வடிவில் வெட்டியெடுத்து மையக் கூடம் அமைத்தனர். 2017-இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

பிரான்சின் டன்கெர்க் துறைமுக எடுத்துக்காட்டு இன்னும் துணிச்சலானது. பழைய கப்பல் கட்டும் கொட்டகை ஒன்றைக் கலைக் காப்பகமாக்கும் பணி ஆன் லக்கத்தான், ஜான்-பிலிப் வசால் இருவருக்கும் வந்தது. அவர்கள் அந்தக் கொட்டகையைத் தொடவில்லை. அதே அளவில், அதே வடிவில், ஒளி ஊடுருவும் இன்னொரு கூடத்தை அருகில் ஒட்டிக் கட்டிவிட்டு, பழையதைப் பொது நிகழ்ச்சிகளுக்காகக் காலியாக விட்டனர். இருப்பதை இடிக்கக்கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கும் இவ்விருவருக்கும் 2021-இல் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

இந்தியாவில் எடுத்துக்காட்டு தேடக் கொச்சி வரை போனால் போதும். மிளகு, இஞ்சி, கயிறு வணிகம் நடந்த ஆஸ்பின்வால் கிடங்கு 2012 முதல் கொச்சி-முசிறிஸ் கலைத் திருவிழாவின் முக்கியக் களமாக இருந்துவந்திருக்கிறது. சென்னையின் பி அண்ட் சி மில் வேறு வழியில் போயிற்று. 1996-இல் ஆலை மூடப்பட்டது. அதன் கொட்டகைகள் சில காலம் சினிமாப் படப்பிடிப்புக்குப் பயன்பட்டன. இப்போது ஆலை நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. நூறாண்டுக்கு மேல் உழைத்த ஆலையின் நினைவு, திரைப்படங்களின் சண்டைக் காட்சிகளில் எஞ்சியிருக்கிறது. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரை ஒரு புறநகர் ரயில் நிலையமும் 2021-இல் திறந்த மெட்ரோ நிலையமும் சுமக்கின்றன. எம்.ஆர்.எப். நிறுவனம் 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதும் இதே திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில்தான்.

சுண்ணாம்பும் உப்புக்காற்றும்

வடசென்னையில் பழைய கட்டடத்தைத் தொடுபவர்கள் முதலில் அறிய வேண்டியது சுண்ணாம்பு. சிமென்ட் பரவுவதற்கு முன்பு இந்நகரில் செங்கலைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துத்தான் கட்டினார்கள். கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் கோணலாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பல நாள் தட்டித் தட்டி இறுக்குவார்கள். இந்தச் சுவரும் கூரையும் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும். கடற்காற்றின் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து சுவருக்குள் இறங்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்பு பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். ஐந்தாறு ஆண்டுகளில் பூச்சு பாளமாக விழும்போது "பழைய கட்டடம், தாங்காது" என்று சொல்லிவிடுவது வழக்கம். குற்றம் பூச்சினுடையது. கான்கிரீட் கட்டடங்களுக்கு ஆபத்து வேறு விதம். உப்பு உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். ஆகவே கடலோரத்தில் எதை வைத்துக்கொள்ளலாம் என்பதைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாது, சோதிக்க வேண்டும்.

எண்ணூர்

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கியது. 60 மெகாவாட் அலகுகள் இரண்டு, 110 மெகாவாட் அலகுகள் மூன்று, மொத்தம் 450 மெகாவாட். 2017-இல் மூடப்பட்டு, பின்னர் பிரித்தெடுக்கப்பட்டது. லண்டனைப் போல இதையும் கலைக்கூடமாக்கியிருக்கலாம் என்று எழுதுவது சுலபம். லண்டனில் அந்த மின்நிலையத்தைச் சுற்றி ஆடம்பர அடுக்குமாடிகள் முளைத்ததும் அதே கதையின் பகுதி. எண்ணூரில் மண்ணும் நீரும் முதல் சிக்கல். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் அனல்மின் சாம்பல் படிந்துள்ளது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து படகுகளையும் வலைகளையும் கெடுத்தது.

இதற்கு நெருக்கமான முன்மாதிரி ஜெர்மனியின் டூயிஸ்பர்க். 1985-இல் மூடப்பட்ட இரும்பாலையை, பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர் 1990-களில் பொதுப்பூங்கா ஆக்கினார். உலைகளை இடிக்கவில்லை. கழிவுநீர் ஓடிய திறந்த வாய்க்காலை எடுத்துக்கொண்டு, சாக்கடையை நிலத்தடிக் குழாயில் விட்டு, மேலே மழைநீர் மட்டும் ஓடும்படி செய்தார். எரிவாயு சேமித்த தொட்டியில் நீர் நிரப்பப்பட்டு, இப்போது அதில் முக்குளிப்புப் பயிற்சி நடக்கிறது. பூங்காவுக்குள் போகக் கட்டணம் இல்லை. சுற்றுவட்டாரத்தினர் எப்போதும் வந்துபோகிறார்கள்.

எண்ணூர் வளாகத்துக்கு 660 மெகாவாட் புதிய அனல்மின் அலகு திட்டமிடப்பட்டுள்ளது. அரை நூற்றாண்டு புகையும் சாம்பலும் கண்டவர்கள், அதில் மீனவர்களும் உண்டு, இதை எதிர்த்துவருகிறார்கள். அந்த நிலத்தில் வேறு என்ன வரலாம் என்று வரைந்து காட்டும் வேலை கட்டடக்கலை மாணவர்களுக்குக் காத்திருக்கிறது. வரையப்போகிறவர்கள் முதலில் மண் சோதனை அறிக்கையையும், பிறகு கழிமுகத்தில் எந்தெந்த மாதம் எங்கெங்கு வலை வீசுகிறார்கள் என்பதையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.