கையொப்பம் இடுமுன்

சுவிஸ் உணவகச் சமையலறைகளில் எம் பெண்கள் பலர் மணிக்கூலிக்கு உழைக்கின்றனர். அவர்கள் கருவுற்றதும், தாமாகவே விலகுவதாக எழுதிய தாளொன்றைச் சில முதலாளிமார் நீட்டுவதை நாம் அறிவோம். ஏன் அந்தத் தாள்? தகுதிகாண் காலம் முடிந்தபின், கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின் பின்னான 16 வாரங்களிலும் முதலாளி செய்யும் பணிநீக்கம் செல்லாது. தாமாக விலகுவோருக்கோ அக்காப்பு இல்லை!

இழப்பு அத்துடன் நில்லாது. 2005 யூலை முதல் இங்கு மகப்பேற்றுக் கொடுப்பனவு உண்டு: 14 வாரங்களுக்குச் சம்பளத்தின் 80 வீதம். (1945இலேயே அரசியலமைப்பில் எழுதப்பட்டது, நடைமுறைக்கு வர 60 ஆண்டுகள்!) பிரசவத்திற்கு முந்திய 9 மாதங்கள் ஏ.எச்.வி. காப்புறுதியில் இருந்து, அவற்றுள் 5 மாதங்களேனும் உழைத்து, பிரசவ நாளிலும் வேலையில் உள்ளவருக்கே பொதுவாக அது உரியது. மணிக்கூலியாளரும் இதில் அடங்குவர். முதலாளி விண்ணப்பிக்க மறுப்பின் தாயே ஏ.எச்.வி. அலுவலகத்திற்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம்.