சுண்ணக்கல்லும் நுரைச்சோலைப் புகையும்

கல்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கி 2014இல் முழுமை பெற்ற லக்விஜய அனல் மின்நிலையம் 900 மெகாவாட் கொள்ளளவு உடையது. அதன் புகையிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து அடைத்துவிட இயலாதா எனும் வினா எழுவது இயல்பே. இயலும் என்கிறது விஞ்ஞானம். எனினும், அது எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதை இக்கரையோர மக்கள் அறிந்திருத்தல் அவசியமென நாம் கருதுகின்றோம்.

வழக்கிலுள்ள முறையில், அமீன் எனும் இரசாயனக் கரைசல் இவ்வாயுவை உறிஞ்சுகின்றது. அதற்குப் புகையைச் சுமார் 40 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்க வேண்டும். பின்னர் வாயுவைப் பிரித்தெடுக்க மின்நிலையத்தின் நீராவியில் கணிசமான பங்கு செலவாகும். எனவேதான் கடும் வெப்பத்திலும் உருகாது உறிஞ்சும் பீங்கான் வகைப் பொருள்கள் ஆராயப்படுகின்றன. இலித்தியமும் சிர்க்கோனியமும் சேர்ந்த ஒட்சைட்டு சுமார் 500 பாகையில் இவ்வாயுவை உறிஞ்சுவதை 1990களின் இறுதியில் ஜப்பானின் தொஷிபா நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆனால் இலித்தியம் விலையுயர்ந்தது.

புத்தளத்தாருக்கு அண்மையிலுள்ள பொருள் சுண்ணக்கல். அருவக்காட்டில் அகழப்படும் இக்கல்லே பாலாவி சீமெந்துத் தொழிற்சாலைக்குச் செல்கின்றது. தூய சுண்ணக்கல் 100 கிலோவைச் சூளையிலிட்டால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ காபனீரொட்சைட்டாக வெளியேறும். அச்சுண்ணாம்பே சுமார் 650 பாகையில் அவ்வாயுவை மீண்டும் பற்றிக் கல்லாகும். 900 பாகையளவில் அதைக் கக்கிவிடும். கக்குவதைச் சேகரித்து நிலத்தடியில் அடைக்கலாம். பற்றும்போது வெளிப்படும் வெப்பத்தால் மேலதிக மின்சாரமும் பெறலாம். (சுண்ணாம்பு பூசிய சுவர் நாளடைவில் இறுகுவதும் காற்றிலுள்ள இவ்வாயுவைப் பற்றியே.) ஸ்பெயினின் லா பெரேடா மின்நிலையத்தில் இம்முறை பரிசோதனை அளவில் இயக்கிப் பார்க்கப்பட்டுள்ளது.

குறையும் உண்டு. சுழற்சிதோறும் சுண்ணாம்பின் நுண்துளைகள் அடைபட்டு உறிஞ்சும் வலு குன்றுவதால், புதிய கல்லை இட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். கழிக்கப்படும் சுண்ணாம்பு சீமெந்துக்கு உதவுமாதலால், மின்நிலையமும் சீமெந்து ஆலையும் அருகருகேயுள்ள புத்தளம் இதற்குப் பொருத்தமான இடமெனத் தோன்றலாம். ஆனால் அருவக்காட்டை மேலும் அகழ நேரிடுமே! கொழும்புக் குப்பையை அங்கு கொட்டுவதை எதிர்த்து 2018இல் திரண்டெழுந்த மக்களைக் கேளாமல் அதனைச் செய்தல் தகாது.

அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. காபனீரொட்சைட்டு உலகை வெப்பமாக்கும் வாயு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நுரைச்சோலைக் குடியிருப்புகளிலும் தோட்டங்களிலும் படிவதாக மக்கள் முறையிடுவதோ நிலக்கரித் தூசியையும் சாம்பலையும். திறந்த வெளியிலுள்ள கரிக்குவியலிலிருந்து எழும் தூசியை எந்தச் சுண்ணாம்பும் பிடிக்காது. குவியலை மூடுதல், காற்றுத்தடை வலை, நீர் தெளிப்பு, சாம்பலை ஈரமாக வைத்திருத்தல் என்பனவே அதற்குரிய வழிகள். இவற்றுக்கான நிதியைக் காபன் பிடிக்கும் திட்டமெதற்கும் திருப்பிவிடுவதை நாம் ஏற்கமாட்டோம்.