நானோதுளியின் தோல்: கழியொலிப் படிமங்களில் கொழுப்புறையின் பங்கு

உருவமா உள்ளடக்கமா என்னும் விவாதத்திற் பழகிய இலக்கிய மாணவன் ஒருவன் மருத்துவப் பௌதிகத்தினுள் நுழைவது அத்துமீறலாகத் தோன்றலாம். ஆயின் ஒரேயொரு மூலக்கூற்றின் தடிப்பேயுள்ள உறை, தான் பொதிந்து வைத்திருக்கும் பொருளை எவ்வளவுக்கு ஆள்கிறது என்ற வினா அங்கும் எழுப்பப்பட்டுள்ளது. எமது விவாதங்களிற் கிட்டாத நிதானத்துடன் அங்கு விடையும் தேடப்பட்டுள்ளது.

காதுக்குக் கேளாத கழியொலியை உடலினுட் செலுத்தி, அது தெறித்து மீள்வதைக் கொண்டு படிமம் ஆக்கப்படுகின்றது. ஒலி தெறிப்பதற்கு, அடர்த்தியிலும் அமுங்குதிறனிலும் வேறுபட்ட இரு பொருட்கள் சந்திக்கும் எல்லை தேவை. குருதியின் எதிரொலி மிக மெலிது. 1968 இல் கிறாமியாக், ஷா ஆகிய இருவரும் இதயப் பகுதியினுட் செலுத்திய திரவத்திலிருந்து எதிர்பாராத வலிய எதிரொலி எழுவதை அறிவித்தனர். அதற்குக் காரணம் நுண்ணிய வாயுக்குமிழிகளே. இன்று மருத்துவர் ‘கொன்ட்ராஸ்ற்’ என வழங்கும் துலக்கப் பொருட்களுட் பல, கொழுப்புறையிட்ட இத்தகைய குமிழிகளாம். எமது பாடநூல்கள் இலிப்பிட்டு என்று வழங்கும் பொருளே இவ்வுறை.

குமிழியின் குறுக்களவு சில மைக்கிரோமீற்றர் ஆதலின் அது குருதிக்கலனை விட்டு வெளியேறாது. புற்றுக்கட்டிகளின் கலன் சுவர்களிற் காணப்படும் இடைவெளிகளோ சில நூறு நானோமீற்றர் அளவின. இவ்விடைவெளியூடே செல்லத்தக்க சிறு திரவத்துளியை அனுப்பி, சென்ற இடத்திற் கழியொலியினாலேயே அதனைக் குமிழியாக மாற்றுவது என்பதே நானோதுளிகளின் பின்னாலுள்ள எண்ணம். (அவ்விடைவெளிகள் ஆய்வுகூட எலியிற் போல மனிதரிலும் தாராளமாகத் திறந்துள்ளனவா என்பது வேறு வினா, ஐயுறுவோர் பலர்.)

துளியினுள் இருப்பது பெரும்பாலும் பேர்புளோரோகாபன் வகைத் திரவம். பேர்புளோரோபியூற்றேன் ஏறத்தாழ −2 பாகை செல்சியசிற் கொதிப்பது. உடலின் வெப்பநிலை 37 பாகை. அவ்வாறாயின் அது ஏன் துளியாகவே நிலைக்கின்றது? அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்பதற்கு நீர் கொதித்தலை எடுத்துக்காட்டும் வழக்கம் எம்மிடையே உண்டு. ‘டூரிங்குக்கு மறுப்பு’ நூலில் அவ்வுதாரணத்தைக் கையாண்ட எங்கெல்சு, சாதாரண வளிமண்டல அமுக்கத்தின் கீழ் என்ற அடைமொழியை மறவாது சேர்த்தார். எமது மேடைகளிலே அவ்வடைமொழி உதிர்ந்து போயிற்று. நானோதுளி அதனை மீண்டும் நினைவூட்டுகின்றது.

உறையே திரவத்தைச் சிறைப்படுத்தி வைத்திருக்கிறது என்பது எளிதில் மனத்திற் படும் விளக்கம். வளைந்த மேற்பரப்பு தன் இழுவிசையால் உள்ளிருப்பதை அமுக்கும். துளி சிறிதாகுந்தோறும் இவ்வமுக்கம் கூடும். ஆரை 100 நானோமீற்றராகவும் மேற்பரப்பிழுவிசை மீற்றருக்கு 25 மில்லிநியூற்றனாகவும் இருப்பின், உள்ளமுக்கம் வெளியமுக்கத்திலும் ஏறத்தாழ ஐந்து வளிமண்டலம் மிகுதியாகும். ஆனால் நெருங்கி அடுக்கப்பட்ட கொழுப்பு மூலக்கூறுகள் இழுவிசையைக் குறைப்பன. அதாவது உறை இவ்வமுக்கத்தைக் கூட்டுவதில்லை, தளர்த்துகின்றது. அவ்வாறு தளர்த்தியும் துளி கொதிப்பதில்லை. கொதித்தல் தொடங்குவதற்குத் திரவத்தினுள்ளே வாயுக்கரு ஒன்று தோன்றவேண்டும். மாசற்ற சிறு துளியில் அக்கரு எளிதில் தோன்றாது. தனிவெப்பநிலை அளவிற் கூறின், அவதி வெப்பநிலையின் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கை அணுகும்வரை திரவம் பொறுத்திருக்கும். கழியொலி அலையின் அமுக்கம் தாழும் கட்டமே அப்பொறுமையைக் குலைக்கின்றது. எனவே கொதிக்கும் வாயிலைப் பிரதானமாகத் தீர்மானிப்பது உள்ளிருக்கும் திரவமேயன்றி உறையன்று.

இத்துடன் நின்றுவிடின் உறை வெறும் பொதிதாளாகிவிடும். இது மறுபக்கத் தவறு. திரவம் வாயுவாகும்போது துளியின் விட்டம் ஏறத்தாழ ஐந்து மடங்காகின்றது. மேற்பரப்பு இருபத்தைந்து மடங்காகும். உறையிலுள்ள மூலக்கூறுகளோ அதே தொகையின. முன்னர் முழுத்துளியையும் மூடியிருந்தவை இப்பொழுது இருபத்தைந்தில் ஒரு பங்கையே மூடவல்லன. எஞ்சிய இடம் வெற்றுடலாய் நிற்கும். அப்படிப்பட்ட குமிழி விரைவிற் கரைந்துபோம், அல்லது அயற் குமிழியுடன் ஒன்றிப் பெருக்கும். மருத்துவர் படிமத்தைக் காணக் கிடைக்கும் நேரம் இங்கேதான் நிர்ணயமாகின்றது.

கொழுப்புச் சங்கிலியின் நீளமும் இங்கு பொருட்படுத்தத்தக்கது. பொசுபற்றிடைல்கோலின் வகையில் 14 காபன் கொண்ட சங்கிலிகள் ஏறத்தாழ 24 பாகையில் இளகுவன. 16 காபனுடையவை 41 இலும் 18 காபனுடையவை 55 இலும் இளகுகின்றன. ஆகவே உடலினுள் முதலாவது நெகிழ்ந்தும் ஏனைய இரண்டும் இறுகியும் நிற்கும். இறுகிய உறை வாயுவை எளிதிற் கசியவிடாது. ஆனால் விரிவு நேர்கையில் திட்டுத்திட்டாக உடையக்கூடும். நெகிழ்ந்தது பரவவல்லது, கசிவைத் தடுப்பதில் வலுவற்றது. இரண்டையும் ஒருங்கே பெறுவது அரிது.

2011 இல் வட கரோலினாவில் டேற்றன் குழுவினர் எதிர்த்திசையிற் சென்றனர்: முன்னரே கொழுப்புறையிட்ட குமிழிகளைக் குளிர்வித்து அமுக்கித் துளிகளாக ஒடுக்கினர். இம்முறையிற் பெரிய மேற்பரப்புக்குரிய உறை சிறிய மேற்பரப்பின்மீது மிஞ்சிநிற்கும். அம்மிகை மடிப்புகளாகத் தங்குமாயின், மீண்டும் விரிகையிற் கைகொடுக்கும் சேமிப்பாக அமையலாம். உதிர்ந்துவிடின் அவ்வுதவி இல்லை. என் நோக்கில் இத்துறையின் மிகச் சுவையான சிக்கல் இதுவே.

இறுதியாக, உடல் சந்திப்பது உள்ளிருக்கும் திரவத்தையன்று, தோலையே. துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கவும் பாதுகாப்புக் கலங்களின் பார்வையைத் தவிர்க்கவும் உறையிலே பொலிஎதிலீன் கிளைக்கோல் எனும் நீண்ட இழைகள் நடப்படுகின்றன. இவ்விழைகளுக்கு ஒவ்வாமை கொண்ட நோயாளர் உளர். ஐக்கிய அமெரிக்காவில் 2007 இற் குமிழித் துலக்கப் பொருட்களுக்குக் கடும் எச்சரிக்கை விதிக்கப்பட்டு, 2008 இல் அது தளர்த்தப்பட்டது. இவ்விழைகளின் ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை பின்னர் தனியே சேர்க்கப்பட்டது. கொவிட் நோய்க்கான ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளின் கொழுப்புத் துணிக்கைகளிலும் இதே வகை இழைகள் இருந்தமையால், அவற்றை ஏற்கனவே சந்தித்த உடல்களின் தொகை இன்று கோடிக்கணக்கானது. இழையை நீக்கின் துளிகள் ஒன்றிவிடும். வைத்திருப்பின் சிலரின் உடல் எதிர்க்கும். நானோதுளிகள் இன்னும் வழமையான சிகிச்சைக்கு வந்தனவல்ல. ஆய்வுகூடத்திற் கொதிநிலையைப் பற்றிப் பேசுவோரும் கட்டிலருகே நோயாளரைப் பற்றிப் பேசுவோரும் இவ்விழைகளையும் கருத்திற் கொள்ளவேண்டியவராவர்.